முன்பாயைக் கட்ட வேண்டாம்

வெள்ளவத்தை,
ஓகஸ்ட் 9, சனிக்கிழமை

அன்புள்ள யதுவின் அப்பாவுக்கு,

சுகமாக இருக்கிறேன் என்று தொடங்குவதுதான் முறை. இருக்கிறேன். நீங்களும் சுகமாகத்தான் இருப்பீர்கள், திருகோணமலைக் காற்று உங்களுக்கு எப்போதும் ஒத்துக்கொள்ளும். இனி நமக்குள் எதுவானாலும் கடதாசியில், திகதியும் கையெழுத்தும் போட்டுத்தான் இருக்க வேண்டும் என்று சட்டத்தரணி மெற்றில்டா அக்காவுக்கு முன்னால் நீங்கள் கேட்டீர்கள். நானும் தலையாட்டினேன். பதினான்கு வருடம் ஒரே மேசையில் சாப்பிட்ட இரண்டு பேர் இப்போது குரியரில் கதைக்கிறோம்.

யது நேற்றுப் பத்திரமாக வந்து சேர்ந்திருப்பாள். கோட்டை ரயில் நிலையத்தில் உங்களிடம் ஒப்படைக்க நான் வரவில்லை. கீழ்வீட்டு ஷபீகாவை அனுப்பினேன். வந்திருந்தால் மேடையிலேயே ஏதாவது சொல்லியிருப்பேன், பிள்ளைக்கு வெட்கமாகப் போயிருக்கும். அவளுடைய பையில் நீல மூடி போட்ட போத்தல் வெயிலுக்குப் பூசுவது. பூசிவிட்டேன் என்று சொல்வாள், கழுத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு நம்புங்கள். காலையில் முட்டை வேண்டாம் என்பாள். விஞ்ஞான டியூசன் சேர் கொடுத்த கேள்வித்தாள்கள் பையின் அடியில் இருக்கின்றன. அவற்றை அவள் எடுக்கப்போவதில்லை என்று எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். சேருக்குத்தான் தெரியாது.

இங்கே லிஃப்ட் பழுதாகி இரண்டு கிழமை. ஐந்து மாடியும் ஏறி இறங்குகிறேன். திருத்துகிறவர் ஹெட்ட, ஹெட்ட என்று நாளைக்கு நாளை தவணை சொல்கிறார். சிங்களத்தில் சொன்னாலும் தமிழில் சொன்னாலும் லிஃப்ட் நிற்கிற இடத்தில்தான் நிற்கிறது. யது இல்லாத வீட்டில் கரையோர ரயில் போகிற சத்தம் கூடுதலாகக் கேட்கிறது.

சம்மதப் பத்திரத்தைப் பற்றி மெற்றில்டா அக்கா மறுபடி கேட்டார். அது இன்னும் என் மேசை லாச்சியில் இருக்கிறது. ஜனவரியிலிருந்து யது நிரந்தரமாக உங்களோடு இருந்து அங்கேயே படிக்க நான் சம்மதிக்கிறேன் என்று அதில் எழுதியிருக்கிறது. நான் சம்மதிக்கவில்லை. ஒரு வருடமாகச் சம்மதிக்கவில்லை, இனியும் அதைக் கேட்டு உங்கள் நேரத்தை வீணாக்க வேண்டாம்.

இனிப் படகு விஷயம். வருகிற பதினேழாம் திகதி ஞாயிறு, அவளுடைய பதின்மூன்றாவது பிறந்தநாளன்று, உப்புவெளியில் படகைத் தண்ணீரில் இறக்கி அவளைத் தனியாகச் சுக்கான் பிடிக்க விடப்போகிறீர்களாம். என்னிடம் சொல்லும்போது கட்டிலில் ஏறிக் குதித்தாள். நாம் இருவரும் முன்பு வரைந்த அந்தப் படகு வரைபடங்களை நேற்று எடுத்துப் பார்த்தேன். உங்கள் தச்சர் பாய்மரத்தைச் சரியான இடத்தில்தான் நிறுத்தினாரா என்று ஒருமுறை அளந்து பாருங்கள். சின்னச் சந்தேகம்தான். தச்சர்மார் தங்கள் வசதிக்கு ஒரு சாண் அங்கே இங்கே தள்ளி நிறுத்துவது வழக்கம். எப்படியும் இப்போது கரையிலிருந்து கடலுக்கு வீசும் கச்சான் காற்று பலமாக இருக்கும். டிசம்பர் லீவுக்குத் தள்ளிப்போட்டால் ஒன்றும் குறைந்துவிடாது.

இதைப் படகு வரைகிற ஒருத்தியின் ஆலோசனையாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். வேறு நோக்கம் இல்லை.

இப்படிக்கு,
நிஷாந்தி


வெள்ளவத்தை,
ஓகஸ்ட் 13, புதன்கிழமை

அன்புள்ள சயந்தனுக்கு,

உங்கள் பதில் நேற்றுக் கிடைத்தது. மூன்று வரி. பாய்மரம் வரைபடத்தில் உள்ள இடத்திலேயே நிற்கிறது, ஒரு நூல்கூடப் பிசகவில்லை, டிசம்பரும் காய்ச்சலும் கச்சானும் கேட்டுக் கேட்டுப் பழகிவிட்டது, ஞாயிறு படகு இறங்கும். கீழே திகதி, கையெழுத்து. உங்கள் கையெழுத்து முன்னைவிட அழகாக இருக்கிறது.

சயந்தன், ஒரு நூலும் பிசகாமல் நிற்பதுதான் ஆபத்து. உங்கள் தச்சரில் பிழை இல்லை. பிழை வரைபடத்தில் இருக்கிறது. அது நான் விட்ட பிழை. சனிக்கிழமை எழுதும்போதே எனக்கு இது தெரியும். தெரிந்துகொண்டே, முகம் தெரியாத ஒரு தச்சரின் தலையில் கட்டப் பார்த்தேன். என் வரைபடத்தில் பிழை என்று உங்களுக்கு எழுத எனக்குக் கை வரவில்லை. நான்கு நாள் வீணாகிவிட்டது. இனி நேராக எழுதுகிறேன். தயவுசெய்து கடைசிப் பக்கம் வரை வாசியுங்கள்.

அந்த மின்வெட்டுக் காலம் நினைவிருக்கும். நீங்கள் ஒரு முழுநாள் பெற்றோல் வரிசையில் நின்றுவிட்டு வெறும் தாங்கியோடு வருவீர்கள். ஒரு நாளில் பத்து மணித்தியாலம் மின்சாரம் இல்லை. அலுவலகத்தில் கணினியில் படகு வரைகிறவள் வீட்டில் மெழுகுதிரிக்கு முன்னால் விசிறியும் கையுமாக இருந்தேன். பகல் வெளிச்சம் இருக்கும்வரை கையால் வரைவோம், நமக்கென்று ஒரு சின்னப் பாய்ப்படகு என்றீர்கள். படகின் உடலை நீங்கள் வரைந்தீர்கள், பாயை நான் வரைந்தேன். சண்டை பிடிக்காமல் நாங்கள் இருவரும் செய்த கடைசி வேலை அதுதான். இல்லை, அதிலும் பிடித்தோம்.

யதுவுக்கு அப்போது பத்து வயதாகவில்லை. மெரின் டிரைவில் சைக்கிள் பழக்கினோம். பயம் வந்தால் அவள் பிரேக் பிடிக்கமாட்டாள், இரண்டு கையையும் விட்டுக் காதைப் பொத்துவாள். மூன்று முறை விழுந்தாள், மூன்று முறையும் அதே மாதிரி. அன்றைக்கே தீர்மானித்தோம். இவளுக்குக் கட்டும் படகு, இவள் கையை விட்டால், காற்றுக்கு முகம் கொடுத்துத் தானாக நிற்க வேண்டும். வேகம் வேண்டாம், அழகு வேண்டாம், இது ஒன்று மட்டும் வேண்டும் என்று வரைபடத்தின் தலையில் நீங்களே எழுதினீர்கள்.

அது எப்படி நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். தெரிந்தாலும் எழுதுகிறேன். மெற்றில்டா அக்காவின் கோப்புக்குள்ளும் ஒரு பிரதி போகட்டும், பிறகு யாரும் தனக்கு விளங்கவில்லை என்று சொல்லக்கூடாது. காற்று பாயைத் தள்ளுகிறது. அந்தத் தள்ளு முழுவதும் ஒரு புள்ளியில் விழுவதாக எடுத்துக்கொள்ளலாம். கீழே தண்ணீர், உடலைப் பக்கவாட்டில் நகரவிடாமல் பிடிக்கிறது. அந்தப் பிடிக்கும் ஒரு புள்ளி உண்டு. அலுமாரியை நடுவில் தள்ளினால் நேராக நகரும், ஒரு மூலையில் தள்ளினால் சுற்றும். படகும் அப்படித்தான். பாயின் புள்ளி உடலின் புள்ளிக்கு மிகவும் முன்னால் போய்விட்டால் காற்று மூக்கைத் தள்ளிவிடும், படகு காற்றுக்கு முதுகைக் காட்டி ஓடும். அளவாக இருந்தால் மூக்குக் காற்றை நோக்கித் திரும்பும், பாய் படபடக்கும், படகு நிற்கும். படகு சரிந்து ஓடும்போது மூக்குத் தானாகவே காற்றுப் பக்கம் போகப் பார்க்கும். அதற்கு ஈடாகத்தான் கடதாசியில் பாயின் புள்ளியைக் கொஞ்சம் முன்னால் வைக்கிறோம். நம்முடைய படகுக்கு ஒரு சாண். அந்த ஒரு சாணுக்காக ஒரு கிழமை வாக்குவாதப்பட்டோம். கடைசியில் நான்தான் வென்றேன்.

உடலின் புள்ளியைக் கண்டுபிடிக்க, தண்ணீருக்குள் இருக்கும் பகுதியின் பக்கத் தோற்றத்தை மட்டையில் வெட்டி, ஊசி முனையில் படுக்கவைத்து, எங்கே சரியாமல் நிற்கிறது என்று பார்க்க வேண்டும். வீட்டில் மட்டை இல்லை. கடதாசிக்கே தட்டுப்பாடான காலம். உங்கள் தங்கச்சி உஷாந்தியின் கலியாண அழைப்புக் காட் ஒன்று மிச்சம் இருந்தது. மூன்றாக மடித்தது, விரித்தால் ஒன்றரை அடி, நல்ல தடிப்பு. முன்பக்கத்தில், பெருவிரல் நகமளவு, பொன்முலாம் பூசிய உலோகப் பிள்ளையார் ஒருவரை ஒட்டியிருந்தார்கள். நான் அவரைப் பிடுங்கப் போனேன். நீங்கள் என் கையைப் பிடித்தீர்கள். கலியாணக் காட்டில் இருக்கிற பிள்ளையாரைப் பிடுங்கக் கூடாது, வெட்டவும் கூடாது, அவர் படகுக்கு முன்னால் இருக்கட்டும், நல்லதுதானே என்றீர்கள். எனக்கும் அது நல்லதாகத்தான் பட்டது. மூக்குப் பக்கம் அவர் வருகிற மாதிரி மட்டையைத் திருப்பி வைத்து வரைந்தேன், வெட்டினேன், அவரோடு சேர்த்தே ஊசியில் நிறுத்தினேன்.

உலோகத்துக்குப் பாரம் உண்டு என்பது இத்தனை வருடம் படகு வரைந்தவளுக்குத் தெரியாதா? தெரியும். அன்று கும்பிட்டேன், யோசிக்கவில்லை.

யது புறப்பட்ட வெள்ளிக்கிழமை, அவளுடைய பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தைத் தேடப்போய் அந்த மட்டையைக் கண்டேன். பசை காய்ந்து பிள்ளையார் கழன்று கோப்பின் அடியில் கிடந்தார். சும்மா, ஒரு ஆசைக்கு, மட்டையை ஊசியில் வைத்தேன். பழைய குறியில் நிற்கவில்லை, வால் பக்கம் சரிந்து விழுந்தது. இரண்டரை சென்ரிமீற்றர் பின்னால் நகர்த்திய பிறகுதான் நின்றது. பத்தில் ஒரு பங்கு அளவில் வெட்டிய மட்டை. படகில் அது இருபத்தைந்து சென்ரிமீற்றர். திங்கட்கிழமை அலுவலகத்தில் கணினியில் போட்டுப் பார்த்தேன். பக்கத்து மேசைப் பிள்ளையிடம் கொடுத்து, எதற்கென்று சொல்லாமல், அவரையும் பார்க்கச் சொன்னேன். அதே விடைதான் வந்தது.

ஒரு சாண் என்று நாம் வைத்தது இரண்டு சாண், சயந்தன். யது பயந்து கையை விட்டால் இந்தப் படகு நிற்காது. மூக்கைத் திருப்பிக்கொண்டு, கச்சானுக்கு முதுகைக் கொடுத்து, கரையை விட்டு வெளியே ஓடும். ஓட ஓட வேகம் கூடும். பெரிய பாய் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு அடித்துத் திரும்பும், அந்த அடியில் கவிழும். நீங்கள் எஞ்சின் படகில் பின்னாலேயே வருவீர்கள் என்று யது சொன்னாள். வருவீர்கள், தெரியும். ஆனால் கவிழ்ந்த பாய்க்குக் கீழே ஒரு பிள்ளை மாட்டுப்பட எவ்வளவு நேரம் தேவை? நீங்கள் எஞ்சினை நிறுத்திக் குதிக்க எவ்வளவு நேரம் தேவை? நான் இதை ஒரு நாளைக்கு நூறு தரம் கணக்குப் பார்க்கிறேன்.

நான் சொல்வதை நம்ப வேண்டாம். நீங்களே சோதித்துப் பாருங்கள். பாய் ஏதும் இல்லாமல், காற்றுப் படாத இடத்தில், இடுப்பளவு தண்ணீரில் படகை விடுங்கள். ஒரு நீளக் கம்பால் பக்கவாட்டில் மெதுவாகத் தள்ளுங்கள். மூக்கும் வாலும் திரும்பாமல் முழுப் படகும் நேராக நகரும் இடம் எதுவோ அதுதான் உண்மையான புள்ளி. அங்கே சோக்கால் ஒரு கோடு போடுங்கள். என் வரைபடத்தில் உள்ள குறி அதற்கு ஒரு சாண் முன்னால் இருக்கும். இருக்காவிட்டால் நான் பொய்க்காரி, எந்த நீதிமன்றத்திலும் அப்படியே சொல்லுங்கள்.

ஞாயிறு எப்படியும் இறக்கத்தான் வேண்டும் என்றால், பாய்மரத்துக்கு முன்னால் வரும் அந்தச் சின்ன முன்பாயைக் கட்ட வேண்டாம். பெரிய பாய் மட்டும் போதும். முன்பாய் இல்லாவிட்டால் பாயின் புள்ளி பின்னால் வந்துவிடும். படகு மந்தமாகப் போகும், ஆனால் கையை விட்டால் நிற்கும். பிறகு ஆறுதலாகப் பாய்மரத்தை ஒரு சாண் பின்னால் மாற்றலாம். புது வரைபடம் இதோடு வைத்திருக்கிறேன்.

உங்களுக்கு என்ன தோன்றும் என்று தெரியும். சித்திரை லீவுக்கு யதுவை அனுப்ப மனமில்லாமல் டெங்கு என்று சொன்னேன். சும்மா சொல்லவில்லை, இரத்தத் தட்டுகள் எத்தனை ஆயிரத்துக்கு இறங்கிவிட்டன என்று எண்ணிக்கையோடு சொன்னேன். நீங்கள் கிடைத்த பஸ்ஸில் ஏறி, பப்பாசி இலைச்சாறு ஒரு போத்தலில் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகத் தேடிவிட்டு இங்கே வந்தபோது, பிள்ளை வெள்ளவத்தைக் கடற்கரையில் றோல்ஸ் தின்றுகொண்டிருந்தாள். அந்தப் போத்தலை நீங்கள் சமையலறை மேசையில் வைத்துவிட்டுப் போனீர்கள். அன்றிலிருந்துதான் என் இலக்கத்தைத் தடுத்து வைத்திருக்கிறீர்கள். உங்களில் குற்றம் இல்லை. அதற்கு முதல் டிசம்பரில் பொலிஸோடு உங்கள் படகுக் கொட்டிலுக்கு வந்து ஊர் பார்க்கச் சத்தம் போட்டதும் நான்தான்.

அதெல்லாம் பொய். இது உண்மை. இரண்டையும் எழுதுகிற கை ஒன்றாக இருப்பதுதான் என் கஷ்டம்.

ஷபீகாவின் கணவர் நப்ரீஸ் இன்று மருதானையிலிருந்து உதிரிப்பாகங்கள் ஏற்றிக்கொண்டு திருகோணமலைக்கு வருகிறார். குரியரை நம்பாமல் அவர் கையில் கொடுத்து விடுகிறேன். உங்கள் முன்னால் நின்று வாசிக்க வைத்துவிட்டு வரச் சொல்லியிருக்கிறேன். கோபிக்க வேண்டாம்.

தாழ்மையோடு,
நிஷாந்தி


வெள்ளவத்தை,
ஓகஸ்ட் 15, வெள்ளிக்கிழமை

என் சயந்தனுக்கு,

இப்படி எழுத எனக்கு இன்னும் உரிமை இருக்கிறதா தெரியவில்லை. இருக்கிற நேரத்தில் வேறு சொல் தேட முடியாது.

நப்ரீஸ் நேற்று மத்தியானம் திரும்பி வந்து எல்லாவற்றையும் சொன்னார். நீங்கள் முதல் பக்கத்தை நின்றபடி வாசித்தீர்களாம், மிச்சத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்தீர்களாம். அவருக்குத் தேத்தண்ணி போட்டுக் கொடுத்தீர்களாம். உங்கட அக்காவுக்கு நல்லாக் கதை எழுத வரும் நப்ரீஸ், போனமுறை டெங்கு, இந்தமுறை பிள்ளையார் என்று சிரித்தீர்களாம். கம்பால் ஒருக்காத் தள்ளித்தான் பாருங்களேன் அண்ணே என்று அவர் கேட்டதற்கு, குத்திப் பார்த்து வாங்க இது மாட்டுச் சந்தை இல்லை என்றீர்களாம். நப்ரீஸ் பாவம், அதையெல்லாம் எனக்குச் சொல்ல வேண்டுமா விட வேண்டுமா என்று தெரியாமல் தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்.

அவர் அங்கிருந்தே ஷபீகாவின் தொலைபேசிக்கு அழைத்து யதுவிடம் கொடுத்தார். நான் பக்கத்தில் இருந்தேன். யது குரலைக் கேட்டதும், படகில் ஏறாதே பிள்ளை என்றேன்.  அம்மா, இந்தமுறை எனக்கு என்ன காய்ச்சல் எண்டு சொல்லப் போறீங்கள் என்று கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை. களைத்துப்போன பெரிய மனுஷி கேட்கிற மாதிரிக் கேட்டாள். சித்திரையில் அவளைப் போர்வைக்குள் படுக்கவைத்து, அப்பா தொலைபேசியில் கேட்டால் தலையிடிக்கிறது என்று சொல்லு என்று சொல்லிக்கொடுத்தவள் நான். படகில் பிழை இருக்கிறது என்றேன். அதற்கு அவள், நீங்கள் கீறின படகில பிழை வராது அம்மா, எனக்குத் தெரியும் என்றாள். நான் தொலைபேசியைக் காதிலிருந்து எடுத்தேன். ஷபீகா தொலைபேசியை வாங்கிக்கொண்டாள்.

என் சொல்லை அவள் நம்பவில்லை, என் வரைபடத்தை நம்புகிறாள். நான் எங்கே போய் அழுவது?

நேற்றே பையை எடுத்துக்கொண்டு ஐந்து மாடியும் இறங்கிக் காலி வீதி வரை வந்துவிட்டேன். கோட்டைக்குப் போகிற பஸ்ஸும் வந்தது. பிள்ளை உங்களோடு இருக்கும் தவணை நாட்களில் நான் அங்கே வரக்கூடாது என்று நீதவானுக்கு முன்னால் கையெழுத்து வைத்தது நினைவில்தான் இருந்தது, ஆனால் அது என்னை நிறுத்தவில்லை. உங்களை நினைத்துத்தான் நின்றேன். கொட்டில் வாசலில் என்னைக் கண்டால் நீங்கள் ஞாயிறு வரைகூடப் பொறுக்கமாட்டீர்கள், அந்தக் கணமே படகை இறக்குவீர்கள். டிசம்பரில் பொலிஸைக் கண்டதும் அப்படித்தான், நின்ற நிலையில் யதுவை எஞ்சின் படகில் ஏற்றிக்கொண்டு கடலுக்குப் போனீர்கள். பிடிவாதத்தில் நானும் நீங்களும் ஒரே அச்சு. பஸ்ஸை விட்டுவிட்டுத் திரும்பி ஏறினேன்.

இரவு முழுக்க யோசித்தேன். உங்கள் இடத்தில் நான் இருந்தாலும் நம்பமாட்டேன். நான் பயம் காட்டிய ஒவ்வொரு முறையும் கடைசியில் பிள்ளை என் வீட்டில்தான் இருந்தாள். அந்த இலாபம் எனக்கு இருக்கும்வரை என் வாயிலிருந்து எது வந்தாலும் அது தந்திரம்தான். நீங்கள் மட்டும் இல்லை, பிள்ளையே அப்படித்தான் நினைக்கிறாள்.

இன்று காலை எட்டரைக்கே கொட்டாஞ்சேனைக்குப் போய் மெற்றில்டா அக்காவின் வாசலில் நின்றேன். ஷபீகாவையும் கூட்டிக்கொண்டு போனேன். லாச்சியில் இருந்த சம்மதப் பத்திரத்தை மேசையில் வைத்து, கையெழுத்துப் போட வந்திருக்கிறேன் என்றேன். மெற்றில்டா அக்கா கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். கோபத்தில் செய்கிறீரா என்று கேட்டார். இல்லை என்றேன். ஒரு கிழமை பொறும், கையெழுத்து விழுந்தால் திரும்ப எடுக்கிறது லேசு இல்லை, நான் இரண்டு தரப்புக்கும் பொதுவாக இருக்கிறவள், ஆனால் ஒரு பொம்பிளையாகச் சொல்லுறன் என்றார். ஒரு கிழமை என்னிடம் இல்லை என்றேன்.

படகை இறக்காமல் விட்டால் மட்டும் இது செல்லும் என்று ஒரு வரி சேர்ப்போமா என்று கேட்டார். சட்டத்தரணி அல்லவா, அப்படித்தான் கேட்பார். நான் வேண்டாம் என்றேன். அப்படி எழுதினால் அதுவும் பேரம்தான், நீங்கள் அதற்குள்ளும் என் தந்திரத்தைத் தேடுவீர்கள். நிபந்தனை எதுவும் இல்லை. நீங்கள் படகை இறக்கினாலும் சரி, இறக்காவிட்டாலும் சரி, இந்தக் கடிதத்தைக் கிழித்துப் போட்டாலும் சரி, ஜனவரியிலிருந்து பிள்ளை உங்களிடம்தான். சாட்சிக் கையெழுத்துப் போட ஷபீகா முதலில் மறுத்துவிட்டாள். என்ட கையால இத செய்ய ஏலாது என்று அழுதாள். பிறகு நான் கும்பிட்டுக் கேட்டதும் போட்டாள். மூலப் பத்திரத்தை இதோடு வைத்திருக்கிறேன், பிரதி மட்டும் கொட்டாஞ்சேனையில் இருக்கிறது.

பள்ளிக்கூடத்தில் விடுகைப் பத்திரம் எடுக்கும் வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன். புது இடத்தில் முதல் கிழமை அவள் ஒழுங்காகச் சாப்பிடமாட்டாள், பேச வேண்டாம், தானாகச் சரியாகும். பெரிய பிள்ளையாகிற வயது, சில விஷயங்களை உங்களிடம் கேட்கக் கூச்சப்படுவாள். உஷாந்தியை மாதம் ஒருமுறையாவது வந்து பார்க்கச் சொல்லுங்கள். அவளுக்கு இருட்டில் பயமில்லை, உரத்த சத்தத்தில்தான் பயம். யாராவது உரத்துக் கதைத்தால் அவளுடைய கை காதுக்குப் போகும். அது எங்கிருந்து பழகினாள் என்று நாம் இரண்டு பேரும் ஒருநாளும் கதைக்கவில்லை. சைக்கிளுக்கு முதலே அந்தப் பழக்கம் இருந்தது, சயந்தன். இந்த வீட்டுக்குள் இருந்தது.

எனக்காக நீங்கள் எதுவும் செய்ய வேண்டாம். மாதத்தில் ஒருமுறை பார்க்க விடுங்கள் என்றுகூட நான் கேட்கவில்லை. அதைப் பிறகு உங்கள் மனம் போல் பாருங்கள்.

நப்ரீஸ் அடுத்த கிழமை ஏற்ற வேண்டிய சாமான்களை இன்றைக்கே ஏற்றிவிட்டார். எனக்காகத்தான். ஜும்மாத் தொழுகை முடிந்து வந்து கீழே வண்டியோடு நிற்கிறார். ஹோர்ன் அடிக்காமல், மேலே பார்த்துக்கொண்டு நிற்கிறார். நான் முடிக்க வேண்டும்.

இனிப் பொய் சொல்லி நான் எடுத்துக்கொள்ள எதுவும் மிச்சமில்லை. அதனால் இந்த ஒருமுறை நம்புங்கள். ஞாயிறு காலை, அவள் எழும்புவதற்கு முதல், நீங்கள் மட்டும் போய், படகைத் தண்ணீரில் விட்டுக் கம்பால் ஒருமுறை தள்ளிப் பாருங்கள். ஐந்து நிமிட வேலை. யாருக்கும் சொல்ல வேண்டாம், எனக்கும் சொல்ல வேண்டாம். முன்பாயை மட்டும் கட்ட வேண்டாம். உங்கள் காலைப் பிடித்துக் கேட்கிறேன்.

யதுவுக்கு என் பிறந்தநாள் ஆசீர்வாதத்தைச் சொல்லுங்கள். நீண்ட ஆயுளோடு இருக்க வேண்டும் என்று எல்லாரும் எழுதுவார்கள். நானும் அதைத்தான் எழுதுகிறேன், வேறு எதையும் கேட்க எனக்கு வாய் வரவில்லை. அவள் உங்களிடமே வளரட்டும். வளர்ந்தால் போதும்.

நிஷாந்தி